கிரால் நீச்சல், அது பிறந்த வரிசையிலேயே: 1900–1924 பந்தய வீரர்களைப் பின்தொடர்ந்து ஒரு முழுமையான வழிகாட்டி

1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் 100 மீட்டர் நீச்சலை ஹங்கேரியின் அல்ஃப்ரெட் ஹாயோஷ் வென்றார். நேரம் 1 நிமிடம் 22.2 நொடி. 1924-இல் பாரிஸில் அமெரிக்காவின் ஜானி வைஸ்முல்லர் அதே தூரத்தை 59 நொடியில் முடித்தார். 28 வருடத்தில் 23 நொடி குறைந்திருக்கிறது. ஹாயோஷ் நீந்தியது பிரேயஸ் அருகே சில்லென்ற கடலில். குளிர் தாங்க உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். வைஸ்முல்லருக்குக் கிடைத்தது கோடு போட்ட 50 மீட்டர் குளம். அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பெரும்பங்கு நீந்தும் முறைக்குத்தான் போகும்.

குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வெளியே வீசி, கால்களை மேலும் கீழுமாக அடித்துப் போகும் அந்த முறைதான் கிரால். அதை யாரோ ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. முதலில் கை வந்தது. அப்புறம் கால் திருந்தியது. அதன் பிறகு காலுக்கும் கைக்கும் கணக்கு அமைந்தது, மூச்சு ஒழுங்கானது, கடைசியாக உடம்பு தளர்ந்தது. முந்தைய கட்டத்தில் இருந்த ஒரு தடையை நீக்கத்தான் அடுத்த கட்டம் வந்தது. இன்றைய வகுப்புகளில் இது எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே தலையில் ஏற்றுகிறார்கள். குழந்தைகள் பிடித்துக்கொள்வார்கள். பெரியவர்கள் 25 மீட்டரிலேயே மூச்சு முட்டி நின்றுவிடுகிறார்கள். வரலாறு போன வழியிலேயே நடந்தால், எந்தப் பகுதி எதற்காக வந்தது என்று உடம்புக்கே புரியும். பெரியவர்கள் கிரால் கற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தண்ணீரில் பயமில்லாமல் மிதக்கவும், ஏதோ ஒரு நீச்சலில் 25 மீட்டர் போகவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதுவும் தெரியாதவர்கள் முதலில் ஒரு பயிற்சியாளரிடம் போங்கள். தெரிந்தவர்களும் மார்பளவு ஆழத்தில், உயிர்காப்பாளர் இருக்கும் குளத்தில் பழகுங்கள்.

தொடங்கும் முன் அன்றைய பந்தயம் பற்றி

ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம். விதி அன்றும் அதுதான், இன்றும் அதுதான். அதனால் 1900-களில் ஒரே பந்தயத்தில் ஒருவர் ஒருக்களித்து நீந்துவார், இன்னொருவர் கையை வெளியே வீசிக் காலைக் கத்தரி போல வெட்டுவார், மூன்றாமவர் புதிதாக வந்த கிராலில் போவார். கிரால்தான் நீந்த வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை. வேகமாக இருந்ததால் அது நிலைத்தது.

ஒலிம்பிக் பந்தயம் நடந்த இடங்களும் தாறுமாறாக இருந்தன. 1900-இல் பாரிஸின் சேன் ஆறு, 1904-இல் செயின்ட் லூயிஸில் ஒரு செயற்கை ஏரி. 1908-இல் லண்டன் விளையாட்டரங்கின் ஓடுதளத்துக்கு நடுவே 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டினார்கள். அதே ஆண்டு, அதே ஊரில்தான் சர்வதேச நீச்சல் சம்மேளனம் உருவாகி, விதிகளும் சாதனைப் பட்டியலும் ஒரே கையில் வந்தன. 1912-இல் ஸ்டாக்ஹோமில் கடல் விரிகுடாவிலேயே 100 மீட்டருக்குத் தடம் அமைத்தார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்கள் நேரத்தை அவர்களுடையதோடு ஒப்பிடும்போது தேவைப்படும்.

படி 1: கை — ட்ரட்ஜன் நீச்சல்

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீச்சல் என்றால் தவளை நீச்சல், இல்லையென்றால் ஒருக்களித்த நீச்சல். 1844-இல் வட அமெரிக்காவின் ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த இருவர் லண்டன் குளமொன்றில் கைகளை மாற்றி மாற்றி வெளியே வீசி நீந்திக் காட்டினார்கள். வேகமாகத்தான் போனார்கள். ஆனால் பார்த்தவர்கள் அதை நாகரிகமில்லாத ஆட்டமென்று ஒதுக்கிவிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் இப்படி வீணானது. ஐரோப்பா தனக்குத் தானே செய்துகொண்ட நஷ்டம் இது. பசிபிக் தீவுகளில் குழந்தைகள்கூட அப்படித்தான் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

தென் அமெரிக்காவில் இதைப் பார்த்துப் பழகிய ஜான் ஆர்தர் ட்ரட்ஜன் என்ற ஆங்கிலேயர் 1873-இல் லண்டனில் நீந்திக் காட்டிய பிறகுதான் இங்கிலாந்து பந்தயக்காரர்கள் கையை வெளியே எடுத்தார்கள். அந்த நீச்சலுக்கு அவர் பெயரே நிலைத்தது.

நீங்களும் இங்கிருந்து தொடங்குங்கள். சுவரை உதைத்து, கைகளை நீட்டிக் குப்புற வழுக்கிப் போங்கள். வலது கையைத் தொடை வரை இழுத்து, முழங்கையை முதலில் தூக்கி வெளியே எடுத்து, தோளுக்கு நேர் முன்னால் போடுங்கள். அப்புறம் இடது கை. வலப்பக்கம் மூச்சு எடுப்பவர் என்றால், வலது கை வெளியே வரும்போது உடலை நன்றாக இடப்பக்கத் தோள் மேல் சாய்த்து, கால்களை முன்னும் பின்னுமாக அகட்டுங்கள். வலது கை முன்னே தண்ணீருக்குள் விழும்போது இரண்டு கால்களையும் வெட்டிச் சேருங்கள். இரு கை வீச்சுக்கு ஒரே ஒரு வெட்டு.

25 மீட்டரை நான்கு முறை, நடுவில் போதுமான ஓய்வோடு நீந்துங்கள். இரண்டாவது முறை போகும்போதே ஒன்று தெரியும். கால் அகலும் ஒவ்வொரு தடவையும் தொடை தண்ணீரைத் தடுக்கிறது. உடம்பு ஒரு கணம் நின்று மறுபடி பாய்கிறது. அந்த நிறுத்தத்தை நன்றாக உணர்ந்துகொள்ளுங்கள். அடுத்த ஐம்பது வருடத்து ஆராய்ச்சியெல்லாம் அதை ஒழிக்கத்தான் நடந்தது.

அதற்காக ட்ரட்ஜனை இளக்காரமாக நினைக்க வேண்டாம். கனடாவின் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1912 ஒலிம்பிக்கில் 400 மீட்டரையும் 1500 மீட்டரையும் ட்ரட்ஜன் முறையில்தான் வென்றார். அவர் 1500 மீட்டரை முடித்த 22 நிமிடம் 1923 வரை உலக சாதனையாக நின்றது. நெடுந்தூரத்தில் களைத்துப்போனால் இதற்குத் திரும்பலாம்; ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒரு சின்ன ஓய்வு கிடைக்கும்.

படி 2: கால் — சிட்னியின் இரண்டு அடி

அடுத்த மாற்றம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. சாலமன் தீவுகளின் ரோவியானா பகுதியிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்ற சிறுவன், 1890-களின் இறுதியில் பிரான்ட்டி (Bronte) கடற்கரைக் குளத்தில் தன் ஊர் முறையில் நீந்தினான். கால்களை அகட்டாமல், மேலும் கீழுமாக அடித்துப் போனான். சிட்னியின் புகழ்பெற்ற நீச்சல் குடும்பமான கேவில் சகோதரர்களும் அதே திசையில் போனார்கள். அவர்களில் இளையவர் டிக் கேவில் 1902-இல் இங்கிலாந்தில் 100 கெஜத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். இது ஆஸ்திரேலியன் கிரால் என்று உலகெங்கும் பரவியது. புகழின் பெரும்பங்கு கேவில் குடும்பத்துக்குப் போனது. விக்கமுக்கும், அவனுக்கு அதைக் கற்றுக்கொடுத்த தீவுக்கும் கிடைத்த பங்கு மிகக் குறைவு என்பது என் எண்ணம்.

செய்முறை எளிது. வலது கை முன்னே தண்ணீருக்குள் நுழையும்போது இடது கால் கீழே ஒரு அடி. இடது கை நுழையும்போது வலது கால் ஒரு அடி. அவ்வளவுதான். நடுவில் கால் சும்மா இருக்கட்டும். கைக்கு எதிர்க் கால் என்பது நாம் நடக்கும்போது இயல்பாக வருவதுதான், ஆனால் தண்ணீரில் முதல் சில நாள் குழம்பும். குழம்பினால் கரையில் நின்று, கையை வீசி எதிர்க் காலைத் தட்டிப் பழகிவிட்டு இறங்குங்கள்.

அன்றைய சிட்னிக்காரர்கள் முழங்காலை மடக்கி, முன்னங்காலால் தண்ணீரை அறைந்தார்கள். தண்ணீர் பறக்கும், சத்தம் கேட்கும், கூட்டம் கைதட்டும். தொடை சீக்கிரம் களைத்துவிடும். அதனால் கிரால் 100 கெஜத்துக்கு மட்டும்தான் சரிப்படும் என்ற பேச்சு ரொம்ப நாள் இருந்தது. நீங்கள் அறைய வேண்டாம். அடி இடுப்பிலிருந்து வரட்டும், முழங்கால் லேசாக மட்டும் தளர்ந்திருக்கட்டும்.

இந்தக் கட்டத்தின் பெரிய பெயர் ஃபேனி டுராக். சிட்னி கூஜி கடற்கரையில் பழகியவர், ட்ரட்ஜனிலிருந்து ஆஸ்திரேலியன் கிராலுக்கு மாறியவர். அப்போது நியூ சவுத் வேல்ஸ் மகளிர் நீச்சல் சங்கத்தில், ஆண்கள் பார்க்கப் பெண்கள் போட்டியில் நீந்தக் கூடாது என்ற விதி இருந்தது. பொதுமக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்து, பணமும் திரட்டி, அவரையும் மீனா வைலியையும் ஸ்டாக்ஹோம் அனுப்பினார்கள். 1912-இல்தான் ஒலிம்பிக் நீச்சலில் பெண்களுக்கு முதன்முதலில் இடம் கிடைத்தது. 100 மீட்டரில் டுராக் முதலிடம், வைலி இரண்டாமிடம். இறுதிப் போட்டியில் டுராக்கின் நேரம் 1 நிமிடம் 22.2 நொடி. 1896-இல் ஹாயோஷ் வாங்கிய தங்கத்தின் நேரமும் இதேதான், பத்தில் ஒரு நொடிகூட மாறாமல். அதுவும் அந்தக் காலத்து நீச்சலுடையோடு.

படி 3: கணக்கு — நியூயார்க்கின் ஆறு அடி

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. அவசரப்படாதீர்கள்.

நியூயார்க் தடகளச் சங்கத்தின் சார்ல்ஸ் டேனியல்ஸ் 1904, 1908 ஒலிம்பிக்கிலும், இடையில் 1906 ஏதென்ஸ் போட்டியிலும் தொடர்ந்து வென்றவர். 1908 லண்டனில் 100 மீட்டரை 1 நிமிடம் 5.6 நொடியில் முடித்தார். ஆஸ்திரேலியன் கிராலைப் பார்த்துவிட்டு அவரும், ரோமில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய லூயிஸ் ஹேண்ட்லி போன்றவர்களும் காலின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது இரண்டு கை வீச்சுக்கு, ஆறு அடி. இதை அமெரிக்கன் கிரால் என்றார்கள். இரண்டு அடியில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கால் மூழ்கத் தொடங்கும். ஆறு அடியில் அதற்கு நேரமே கிடைக்காது. படி 1-இல் உணர்ந்த நிறுத்தம் இங்கேதான் முழுசாகப் போகிறது.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரு கைக்கு மூன்று அடி என்பது அப்படியே நம் தாளத்தின் திஸ்ர நடை. வலது கை போகும்போது மனதுக்குள் ‘தகிட’, இடது கை போகும்போது ‘தகிட’. ‘த’ விழும் இடத்தில் எதிர்க் கால் அடிக்கும், அந்த அடி மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். நேற்று வரை பழகிய இரண்டு அடி எங்கேயும் போய்விடவில்லை, அந்த இரண்டு ‘த’-வாக உள்ளேயே இருக்கிறது. நடுவில் நான்கு சின்ன அடி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் சில நாள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு கால் மட்டும் அடியுங்கள். பாதம் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி, இரண்டு பெருவிரலும் ஒன்றையொன்று உரசாத குறையாகப் போக வேண்டும். கணுக்கால் விறைத்தால் நகராமல் அங்கேயே நிற்பீர்கள். சிலர் பின்னால்கூடப் போவார்கள். காலை அகலமாகவும் அடிக்காதீர்கள், முப்பது சென்டிமீட்டர் அகலம் தாண்டினாலே தண்ணீர் தடுக்கும். அப்புறம் பலகையை வைத்துவிட்டு, ஒரு கையை நீட்டியபடி வைத்து மற்றக் கையை மட்டும் ‘தகிட’-வுக்கு வீசுங்கள். அது வந்த பிறகு இரண்டு கையும்.

கணக்கு தப்பினால் கையின் வேகத்தைக் குறையுங்கள். காலை வேகப்படுத்திச் சமாளிக்கப் பார்த்தால் தொடை எரியும், கணக்கும் திரும்ப வராது. நின்று மூச்சு வாங்கிவிட்டுச் சுவரிலிருந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

படி 4: மூச்சு

ஆரம்பகாலக் கிரால்காரர்கள் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அல்லது தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு பாய்ந்தார்கள். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும். மூச்சை ஒழுங்காகக் கணக்கில் சேர்த்து, கிராலை நெடுந்தூர நீச்சலாக்கியதில் ஹேண்ட்லியின் பங்கு பெரியது. அதை அவர் செய்து காட்டியது பெண்களை வைத்து. 1917-இல் ஷார்லெட் எப்ஸ்டைன் நியூயார்க்கில் மகளிர் நீச்சல் சங்கத்தைத் தொடங்கினார். ஹேண்ட்லி அங்கே பயிற்சியாளரானார். அங்கிருந்து வந்த எதெல்டா பிளைப்ட்ரே 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். கெர்ட்ரூட் எடர்லி 1926 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கிராலிலேயே பதினான்கரை மணி நேரத்தில் கடந்தார். 1875-இல் மேத்யூ வெப் தவளை நீச்சலில் கடக்க 21 மணி 45 நிமிடம் பிடித்தது. எடர்லிக்கு முன் கடந்த ஐந்து பேரும் ஆண்கள். அவர்கள் எல்லோரையும்விட அவர் வேகம். கிரால் குறுந்தூரத்துக்குத்தான் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

செய்முறையில் பாதி, மூச்சை விடுவதுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்காலும் வாயாலும் குமிழி போய்க்கொண்டே இருக்கட்டும். உள்ளே பிடித்து வைத்திருந்து, வெளியே வந்ததும் விட்டு, உடனே இழுக்கப் பார்ப்பதால்தான் மூச்சு முட்டுகிறது. வெளியே கிடைக்கும் நேரம் ஒரு ‘தகிட’ மட்டும். அது இழுக்க மட்டுமே போதும். மூச்சு எடுக்கும் பக்கத்துக் கை தொடையைத் தாண்டும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள், தூக்காதீர்கள். ஒரு காது தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கை முன்னே போய் விழும் முன்பே முகம் தண்ணீருக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

நிற்காமல் 100 மீட்டர் நிதானமாகப் போக முடிகிற வரை இந்தப் படியிலேயே இருங்கள்.

படி 5: தளர்வு — ஹவாயிலிருந்து சிகாகோவுக்கு

1911 ஆகஸ்ட் 11 அன்று ஹோனலூலு துறைமுகத்தில் டியூக் கஹானமோக்கு 100 கெஜத்தை 55.4 நொடியில் முடித்தார். இருந்த சாதனையை நொடிக் கணக்கில் உடைத்துவிட்டார். அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம் நம்பவில்லை. நீரோட்டம் தள்ளியிருக்கும் என்று சாதனையை ஏற்க மறுத்தது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் 100 மீட்டரை 1 நிமிடம் 3.4 நொடியில் வென்று பதில் சொன்னார். அங்கே நேரக் குழப்பத்தில் அமெரிக்க வீரர்கள் அரையிறுதியைத் தவறவிட, அவர்களுக்கு மறுவாய்ப்பு தர வேண்டும் என்று வாதாடியவர்களில் ஆஸ்திரேலியாவின் செசில் ஹீலி முக்கியமானவர். மறுவாய்ப்பு கிடைத்தது. கஹானமோக்கு முதலிடம், ஹீலி இரண்டாமிடம். 1918-இல் முதல் உலகப் போரில் ஹீலி உயிரிழந்தார். நீச்சல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் அவர்தான்.

கஹானமோக்குவிடம் கற்க வேண்டியது காலின் தளர்வு. சிறுவயதிலிருந்து கடல் அலையில் வளர்ந்த அவருக்கு வேகத்துக்காக உடம்பை முறுக்க வேண்டியிருக்கவில்லை. சிகாகோவில் வில்லியம் பாக்ராக்கிடம் பயின்ற வைஸ்முல்லரும் அப்படித்தான். முதலில் நீச்சல் அழகாக இருக்கட்டும், வேகம் பிறகு என்பது பாக்ராக்கின் வழி. 1922 ஜூலை 9 அன்று வைஸ்முல்லர் 100 மீட்டரை 58.6 நொடியில் முடித்து, ஒரு நிமிடத்துக்குக் கீழே வந்த முதல் ஆளானார். 1924 பாரிஸில் அவர் தங்கம், 33 வயது கஹானமோக்கு வெள்ளி, அவர் தம்பி சாம் வெண்கலம்.

பயிற்சி இது: 25 மீட்டருக்கு எத்தனை கை வீச்சு ஆகிறது என்று எண்ணுங்கள். அடுத்த முறை அதே நேரத்தில் ஒன்று குறைத்துப் போகப் பாருங்கள். கை வெளியே இருக்கும்போது விரல்கள் தொங்கட்டும், தாடை இறுகாமல் இருக்கட்டும். தாடை இறுகினால் கழுத்து இறுகும், கழுத்து இறுகினால் தோள் தூக்காது.

வைஸ்முல்லர் மார்பை நிமிர்த்தி, தலையை உயர்த்தி, தண்ணீருக்கு மேலேயே போவது போல் நீந்துவார். பார்க்க அருமையாக இருக்கும். ஒரு 25 மீட்டர் வேண்டுமானால் செய்து பாருங்கள். ஆனால் பழக்கமாக்க வேண்டாம். அவருக்கு இருந்த கால் வலு இல்லாமல் அதைச் செய்தால் முதுகும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். தலை விஷயத்தில் மட்டும் இன்றைய முறைதான் சரி: பார்வை கீழே, பின்கழுத்து நீண்டு.

படி 6: தொடக்கமும் திருப்பமும்

இதில் அன்றைய முறை எளிது. ஒலிம்பிக்கில் தொடக்க மேடை வந்தது 1936-இல்தான். அதுவரை கரை விளிம்பிலிருந்தோ மிதவையிலிருந்தோ பாய்ந்தார்கள். ஆழம் தெரியாத இடத்தில் பாயவே வேண்டாம், சுவரை உதைத்துத் தொடங்கினால் போதும். திருப்பத்தில் கையால் சுவரைத் தொட வேண்டும் என்பது அன்றைய விதி. தொட்டு, முழங்காலை மார்புக்கு இழுத்து, பக்கவாட்டில் சுழன்று, உதைத்துக் கிளம்புங்கள். குட்டிக்கரணம் பின்னாளில் வந்தது. புதியவர்களுக்கு அது இல்லாமலிருப்பதே மூச்சுக்கு நல்லது.

படி 7: நேரம் எடுப்பது

அன்றைய முடிவுகளைக் கவனித்தால் 22.2, 5.6, 3.4, 58.6 என்று கடைசி இலக்கம் இரட்டைப்படையாகவே இருக்கும். கையால் அழுத்திய அந்த ஸ்டாப்வாட்ச்கள் ஐந்தில் ஒரு நொடியாகத் தாவியதால்தான் இப்படி. ஆகவே பத்தில் ஒரு நொடிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கரையில் ஒரு நண்பர் கைபேசியில் எடுக்கும் நேரம் போதும்.

ஒப்பிடும்போது திருப்பங்களைக் கணக்கில் எடுங்கள். 1908-இலும் 1912-இலும் 100 மீட்டர் நேர்கோட்டில், திருப்பமே இல்லாமல் நடந்தது. 1924-இல் ஒரு திருப்பம். நீங்கள் 25 மீட்டர் குளத்தில் நீந்தினால் மூன்று திருப்பம், அதாவது சுவரை உதைத்து இலவசமாக முன்னேற மூன்று வாய்ப்பு. டேனியல்ஸுக்கும் டுராக்குக்கும் அது கிடைக்கவில்லை. அவர்களிடம் நீச்சல் கண்ணாடியும் இல்லை.

வாரத்துக்கு மூன்று நாள் போனால், முதல் இரண்டு படிக்கு இரண்டு வாரம், மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் சேர்த்து ஆறு வாரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு நாளும் முதல் 100 மீட்டரைப் பழைய வரிசையில் போங்கள்: 25 ட்ரட்ஜன், 25 இரண்டு அடி, 50 ஆறு அடி. மூன்றாம் மாத முடிவில் நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு ஒரு நாள் 100 மீட்டருக்கு நேரம் எடுங்கள். முதல் 50 மீட்டரை அடக்கி வாசியுங்கள். ‘தகிட’ மூன்றாவது நீளத்தில் உடைகிறதா என்று மட்டும் கவனியுங்கள். உடைந்தால் அடுத்த இரண்டு வாரம் படி 4-க்குத் திரும்பிப் போய்விட்டு மறுபடி எடுங்கள். உடையாமல் 2 நிமிடத்துக்குள் முடித்தால் அடுத்த குறியாக 1 நிமிடம் 22.2 நொடியை வைத்துக்கொள்ளலாம்.